வையீஸ்ட் 3944: வீட்டில் பெல்ஜிய வெள்ளை பீர் காய்ச்சுகிறவர்களுக்கு

வீட்டில் பெல்ஜிய வெள்ளை பீர் காய்ச்சுகிறவர்கள் கூடுதலாகக் காசு போட வேண்டிய ஒரே இடம் ஈஸ்ட். மால்ட்டை (முளைக்கவிட்டு உலர்த்திய தானியம்) மலிவாக வாங்கலாம், கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூ எதுவாக இருந்தாலும் சமாளித்துவிடலாம், கொத்தமல்லி வீட்டு அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது. ஈஸ்ட் மட்டும் சரியில்லை என்றால் கிடைப்பது ஆரஞ்சு வாசனை அடிக்கிற ஒரு கோதுமை பீர், அவ்வளவுதான். நான் பல வருடங்களாக இந்த பீருக்கு வையீஸ்ட் 3944 என்ற திரவ ஈஸ்டைப் பயன்படுத்துகிறேன். அதைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாக எழுதிப் பார்க்கவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது அமெரிக்காவில், ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டில். 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால் இங்கே வீட்டுப் பயன்பாட்டுக்கு பீர் காய்ச்ச வரி கிடையாது. இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீட்டில் வருடத்துக்கு 200 கேலன், அதாவது சுமார் 757 லிட்டர் வரை காய்ச்சலாம். விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சுவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அங்கிருந்து வாசிப்பவர்கள் இதை ஒரு சுவைக் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஈஸ்ட் செய்யும் ஊரான ஹுட் ரிவர், எங்கள் ஊரிலிருந்து கொலம்பியா ஆற்றங்கரையோடு கிழக்கே சுமார் நூறு கிலோமீட்டர். பேரிக்காய்த் தோட்டங்களுக்குப் பேர்போன இடம். 1986-ல் டேவ் லாக்ஸ்டனும் ஜெனெட் லாக்ஸ்டனும் அங்கே வையீஸ்ட் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதுவரை வீட்டில் காய்ச்சுகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது மால்ட் டப்பாவின் மூடிக்கடியில் ஒட்டிவைத்த உலர் ஈஸ்ட் பொட்டலம்தான். எந்த ஈஸ்ட், எவ்வளவு பழசு என்று ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு பீர் வகைக்கும் அதற்குரிய ஈஸ்டை உயிரோடு திரவமாகப் பையில் அடைத்து விற்றது, வீட்டு பீரின் தரத்தையே மாற்றிய காரியம். போர்ட்லண்டில் எஃப். எச். ஸ்டைன்பார்ட் என்று 1918-ல் தொடங்கிய ஒரு கடை உண்டு. வீட்டு பீர் சாமான் விற்கும் கடைகளில் இந்த நாட்டிலேயே பழையது அது. நான் குளிர்பெட்டியைத் திறந்து தேதி பார்த்து ஈஸ்ட் எடுக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

பையைப் பற்றிச் சொல்கிறேன். உள்ளங்கை அளவுள்ள தடித்த அலுமினியத் தாள் பை, உள்ளே 125 மில்லி. ஏறக்குறைய பத்தாயிரம் கோடி உயிரணுக்கள் இருப்பதாக நிறுவனம் சொல்கிறது. பைக்குள் இன்னொரு குட்டிப் பை மிதக்கும், அதில் ஈஸ்டுக்கான சத்துக் கரைசல். விரலால் தடவி அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து ஒரு மூலைக்கு நகர்த்தி, ஓர் உள்ளங்கையில் வைத்து மறு உள்ளங்கையால் ஓங்கி அறைய வேண்டும். உள்பை உடைந்து சத்துக் கரைசல் ஈஸ்டோடு கலக்கும். நன்றாகக் குலுக்கி, அறை வெப்பத்தில் வைத்தால் மூன்று மணி நேரத்துக்குப் பிறகு பை உப்பத் தொடங்கும். புதிய பை என்றால் அன்று சாயங்காலத்துக்குள் தலையணை போலாகிவிடும். உப்பாவிட்டாலும் போடலாம் என்றுதான் நிறுவனம் சொல்கிறது. ஆனாலும் உப்பின பையைக் கத்தரிக்கிறபோது வருகிற நிம்மதியே தனி. உள்ளே இருப்பது உயிரோடு இருக்கிறதா என்று வோர்ட்டில் (நொதிக்கவிருக்கும் மால்ட் சாறு) ஊற்றுவதற்கு முன்பே கண்ணால் பார்த்துவிடலாம். எந்த உலர் ஈஸ்டும் இதைத் தருவதில்லை.

இனி இது எந்த பீருக்கான ஈஸ்ட் என்று பார்ப்போம். பெல்ஜியத்தில் லூவனுக்குக் கிழக்கே ஹூகார்டன் என்று ஒரு சிற்றூர். மால்ட் ஆக்காத கோதுமையைப் பாதிக்குப் பாதி போட்டு, கொத்தமல்லியும் கசப்பு ஆரஞ்சின் காய்ந்த தோலும் சேர்த்துக் காய்ச்சும் மங்கல் பீர் அந்தப் பக்கத்துச் சொத்து. பில்ஸ்னர் என்ற தெளிந்த வெளிர் பீர் வந்து ஊரை அடித்துக்கொண்டு போனதில் ஹூகார்டனின் ப்ரூவரிகள் ஒவ்வொன்றாக மூடின. கடைசியாக நின்ற டோம்சின் ப்ரூவரியும் 1957-ல் மூடியது. அந்த ப்ரூவரிக்குப் பக்கத்து வீட்டில் வளர்ந்து, இளவயதில் அங்கே கைவேலையும் பார்த்த பியர் செலிஸ் என்ற பால்காரர், 1960-களின் நடுவில் நினைவிலிருந்தே அந்த பீரை மறுபடி காய்ச்சினார். 1985-ல் ப்ரூவரி தீப்பிடித்து எரிந்தது. திரும்பக் கட்டப் பெரிய நிறுவனத்தின் பணம் வந்தது, நாளடைவில் ப்ரூவரியும் அவர்கள் கைக்குப் போனது. மனிதர் சும்மா இருக்கவில்லை. அறுபது வயதைத் தாண்டிய பிறகு அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டினுக்கு வந்து 1992-ல் புது ப்ரூவரி திறந்து, அதே பீரை அமெரிக்கர்களுக்குப் பழக்கினார். 2011-ல் காலமானார். ஒரு வகை பீர் முழுவதும் ஒரே மனிதரின் நினைவில் தங்கிப் பிழைத்தது என்பதை நினைக்கிறபோதெல்லாம் எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

இந்த பீரை ஒப்பிட்டுப் பார்க்க நான் எப்போதும் இரண்டு பாட்டில்கள் வாங்கி வைப்பேன். ஒன்று, பெல்ஜியத்து வாட்டூ ஊரிலிருந்து வரும் செயின்ட் பெர்னார்டஸ் விட், செலிஸ் துணையோடு உருவாக்கியது. இன்னொன்று அலாகாஷ் வைட், எங்கள் போர்ட்லண்ட் இல்லை, மேய்ன் மாநிலத்துப் போர்ட்லண்ட். 1995-லிருந்து காய்ச்சுகிறார்கள். இரண்டிலும் மூக்குக்கு முதலில் வருவது மென்மையான கிராம்பு, பின்னால் எலுமிச்சைத் தோல் மாதிரி ஒன்று, குடித்து முடித்த பின் நாக்கின் ஓரத்தில் ஒரு சிறு புளிப்பு. இதில் எதுவும் கத்திக்கொண்டு வராது. இந்த அடக்கம்தான் இந்த வகை பீரின் அழகு.

அந்தக் கிராம்பு வாசனை எங்கிருந்து வருகிறது? பீரில் யாரும் கிராம்பு போடுவதில்லை. கோதுமை, பார்லி இரண்டின் தவிட்டுப் பகுதியிலும் ஃபெருலிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. மேஷ் செய்யும்போது, அதாவது உடைத்த தானியத்தை வெந்நீரில் ஊறவைக்கும்போது, 45 டிகிரி செல்சியஸ் சூட்டில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் மால்ட்டின் நொதிகள் அதை அவிழ்த்து வோர்ட்டில் விடும். ஈஸ்ட் அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிய்த்துப் போட்டு 4-வினைல் குவாயகால் என்ற பொருளாக மாற்றுகிறது. அதுதான் கிராம்பாக மணக்கிறது. இங்கிலாந்து, அமெரிக்காவின் ஏல் வகை பீருக்கான ஈஸ்டுகள் பெரும்பாலானவற்றில் இதைச் செய்யும் மரபணு செயலிழந்து கிடக்கிறது. அதனால்தான் சாதாரண ஏல் ஈஸ்டைப் போட்டு எவ்வளவு கொத்தமல்லி கொட்டினாலும் இந்த பீர் வராது. 3944 இந்த வேலையை நிதானமாகச் செய்கிறது. ஜெர்மன் கோதுமை பீர் ஈஸ்டுகள் கிராம்போடு வாழைப்பழ வாசனையையும் தாராளமாகத் தரும். இதில் பழவாசனை குறைவு, ஆகவே கிராம்பு தனியாகக் கேட்கிறது. கொத்தமல்லிக்கும் ஆரஞ்சுக்கும் இடம் கிடைக்கிறது.

நான் காய்ச்சும் அளவு 19 லிட்டர். பில்ஸ்னர் மால்ட் 2.3 கிலோ, கோதுமை அவல் 1.9 கிலோ, ஓட்ஸ் 200 கிராம். கோதுமைக்கு உமி இல்லாததால் மேஷ் களியாகி வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதற்கு நெல் உமி கால் கிலோ, நன்றாகக் கழுவிச் சேர்க்க வேண்டும். 45 டிகிரியில் கால் மணி நேரம், பிறகு 67 டிகிரியில் ஒரு மணி நேரம். கொதிக்கத் தொடங்கியதும் சாஸ் என்ற வகை ஹாப்ஸ் 30 கிராம். அதற்குப் பிறகு ஹாப்ஸ் சேர்க்க வேண்டாம். போர்ட்லண்ட் தண்ணீர் புல் ரன் நீர்ப்பிடிப்பிலிருந்து வருகிறது, மழைத் தண்ணீர் போல உப்பே இல்லாதது. இந்த பீருக்கு அது வரம். கிருமி கொல்லக் குளோரமின் மட்டும் போடுகிறார்கள், ஒரு கேம்ப்டன் (சல்பைட்) மாத்திரையில் கால்வாசியைப் பொடித்துப் போட்டால் போய்விடும். இதைச் செய்யாமல் விட்டால் ஈஸ்டின் கிராம்பு வாசனையோடு மருந்துக்கடை வாடையும் சேர்ந்துகொள்ளும், எது எது என்று பிரிக்க முடியாது.

கொத்தமல்லிக்கு வருகிறேன், இங்கே எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. பீர் சாமான் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் உருண்டையான, பழுப்பு நிற விதை. நம் ஊர் மல்லி கொஞ்சம் நீளவாட்டு, வெளிர்மஞ்சள். இரண்டையும் நசுக்கி முகர்ந்து பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். உருண்டை விதையில் ஒரு காய்கறி வாடையும், சில சமயம் உப்பில் ஊறிய இறைச்சி மாதிரி ஒரு வாடையும் தலைகாட்டும். நம் மல்லியில் எலுமிச்சைப் பக்கம் சாய்வு அதிகம். இங்கே காய்ச்சுகிற வெள்ளைக்காரர்களே இந்தியக் கடைக்குப் போய் மல்லி வாங்குகிறார்கள்.

நான் விளாத்திகுளம் பக்கத்துப் பெண். ஐப்பசி மழையை நம்பிக் கரிசலில் விதைத்து மாசியில் பிடுங்குகிற மல்லியை மணந்துகொண்டே வளர்ந்தவள். என் மாமனார் இன்றும் மானாவாரியில் மல்லி போடுகிறவர். இங்கே வந்திருந்தபோது நான் வாங்கி வைத்திருந்த பாக்கெட்டைப் பிரித்து இரண்டு விதையைப் பல்லால் கடித்துப் பார்த்துவிட்டு, “இது போன வருசத்துக் காய் தாயி, எண்ணெய் செத்துப்போச்சி. குழம்புக்குப் பொடிச்சிக்கோ, உன் பீருக்கு வேணாம்” என்றார். “எப்படி மாமா கடிச்சதும் தெரியுது?” என்று கேட்டேன். “புது மல்லின்னா மொதல்ல நாக்கு குளுரும், அப்புறந்தான் உறைக்கும். இது சப்புன்னு இருக்கு பாரு” என்றார். அவர் ஒரு வாய்கூடக் குடிக்கிறவர் இல்லை. ஆனால் மல்லி விஷயத்தில் அவர் சொன்னதை எந்த பீர் ஆசிரியரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அன்றிலிருந்து கடித்துப் பார்க்காமல் மல்லி போடுவதே இல்லை.

19 லிட்டருக்கு 12 முதல் 15 கிராம் மல்லி போதும். வறுக்கவே கூடாது. வறுத்தால் சாம்பார்ப் பொடி வாசனை ஏறிக்கொள்ளும், எலுமிச்சை வாசனை தரும் எண்ணெய் பறந்துவிடும். உரலில் போட்டு விதை இரண்டாகப் பிளக்கும் அளவுக்கு மட்டும் தட்டி, அடுப்பை அணைக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது போடுங்கள். காய்ந்த கசப்பு ஆரஞ்சுத் தோல் 15 கிராம், அதே நேரத்தில். கசப்பு ஆரஞ்சு கிடைக்காவிட்டால் நல்ல ஆரஞ்சுப் பழத்தின் மேல்தோலை மட்டும் சீவிப் போடலாம், உள்ளிருக்கும் வெள்ளைப் பகுதி சேரக் கூடாது.

எல்லாமே சேர்ந்த தயார் பெட்டி ஒன்றைத் தோழி ஒருத்தி பரிசாகத் தந்தாள். கம்பெனி பெயர் வேண்டாம். அதே அளவு பீருக்கு ஒரு கைப்பிடி மல்லியும் அதைவிட அதிகமாக ஆரஞ்சுத் தோலும் வைத்திருந்தார்கள், ஈஸ்ட் எந்த வகை என்று எழுதவே இல்லை. சொன்னபடி காய்ச்சியதில் வந்தது சோப்பு நெடி. இந்த பீரைச் செய்து பார்த்துவிட்டு எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் இப்படிப்பட்ட பெட்டியில் தொடங்கியவர்களாகத்தான் இருப்பார்கள் என்பது என் எண்ணம். ஈஸ்ட் செய்ய வேண்டிய வேலையை மசாலாவால் செய்யப் பார்க்கிறார்கள்.

வோர்ட்டை 18 டிகிரிக்குக் குளிரவைத்து 3944-ஐ ஊற்றுகிறேன். தொடக்க அடர்த்தி (தண்ணீர் 1.000 என்றால்) 1.048-லிருந்து 1.050-க்குள் இருப்பதால் ஒரு பை போதும், ஸ்டார்ட்டர் (ஈஸ்டை முன்கூட்டியே சிறிது வோர்ட்டில் பெருக்குவது) தேவையில்லை. பையின் தேதி நான்கு மாதத்தைத் தாண்டியிருந்தால் மட்டும் ஒரு லிட்டர் ஸ்டார்ட்டர் போடுவேன். நிறுவனம் சொல்லும் வெப்பம் 17-லிருந்து 24 டிகிரி வரை. என் அனுபவத்தில் இந்த எல்லைக்குள்ளேயே பீர் மூன்று விதமாக வரும். 17-லேயே கடைசிவரை வைத்தால் சுத்தமாக இருக்கும், ஆனால் சுவாரசியம் குறைவு. தொடக்கத்திலேயே 23, 24-க்கு விட்டால் கிராம்பு தடித்து, மிளகு நெடி வரை போகும். எனக்குப் பிடித்தது 18-ல் தொடங்கி இரண்டு நாள் பிடித்து வைத்து, மூன்றாம் நாளிலிருந்து தானாக 21, 22 வரை ஏறவிடுவது. எங்கள் வீட்டு நிலவறை சித்திரை, வைகாசியில் சரியாக இந்தச் சூட்டில் இருக்கும். கோடை பீர்தான் என்றாலும் நான் இதைக் கோடை தொடங்கும் முன்பே காய்ச்சி முடித்துவிடுவதற்கு அதுதான் காரணம்.

வாங்குகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது நுரை. இது மேலே ஏறுகிற ஈஸ்ட். இரண்டாம் நாள் இரவில், மூடி தள்ளிய தோசை மாவுப் பாத்திரம் போல, பீர் நொதிக்கும் பாத்திரமான ஃபெர்மென்டர் பொங்கும். பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விடச் சொல்லி நிறுவனமே எழுதியிருக்கிறது. அதை எழுத்துக்கு எழுத்து நம்புங்கள். இங்கே எல்லோரிடமும் இருக்கும் 25 லிட்டர் வாளியில் 19 லிட்டர் ஊற்றினால் கால் பங்குதான் காலி. நான் 30 லிட்டர் வாளி வைத்திருக்கிறேன். அது இல்லாதவர்கள் முதல் நான்கு நாள், வாயுவை வெளியே மட்டும் விடும் ஏர்லாக்குக்குப் பதில் தடித்த குழாயை மாட்டி அதன் மறுமுனையைக் கிருமிநாசினித் தண்ணீருக்குள் வைத்துவிடுங்கள். ஏர்லாக்கின் சின்னத் துளையில் மல்லித்தோல் ஒன்று போய் அடைத்தாலே போதும், மூடி கழன்றுவிடும்.

நொதிக்கும்போது சில சமயம் மெல்லிய கந்தக வாடை வரும். கவலை வேண்டாம், போய்விடும். கவலைப்பட வேண்டியது வேறொன்று: இந்த ஈஸ்ட் முடிக்க நேரம் எடுக்கும். முதல் நான்கு நாளில் பெரும்பகுதி சர்க்கரையைத் தின்றுவிட்டு, அடர்த்தி கடைசிச் சில புள்ளிகள் இறங்குவதற்கு மெதுவாக நடக்கும். நுரை இறங்கவில்லையே என்று காத்திருக்கவும் கூடாது, இறங்கிவிட்டதே என்று பாட்டிலில் அடைக்கவும் கூடாது. அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். எனக்குப் பெரும்பாலும் 1.011-ல் நிற்கிறது, அதற்கு இரண்டு வாரம் கொடுக்கிறேன். ஆல்கஹால் ஐந்து சதவீதத்துக்குப் பக்கத்தில் வருகிறது. அவசரக்காரர்களுக்கு இந்த ஈஸ்ட் ஒத்துவராது, இதுதான் நான் சொல்லும் பெரிய குறை.

விலை அடுத்த குறை. உலர் ஈஸ்ட் பொட்டலத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய இரட்டிப்பு. அது நியாயமா என்று பார்க்க, ஒரே வோர்ட்டை இரண்டாகப் பிரித்து ஒன்றில் இதையும் மற்றொன்றில் உலர் ஈஸ்டையும் போட்டுப் பார்த்தேன். ஃபெர்மென்டிஸ் டபிள்யூபி-06 நல்ல ஈஸ்ட், ஆனால் வேறு குணம். அது டயஸ்டாடிகஸ் வகை. மற்ற ஈஸ்டுகள் தொடாத நீள் சர்க்கரைகளையும் உடைத்துத் தின்றுவிடும், பீர் எலும்பு தெரிய வறண்டு போகும், பாட்டிலில் அடைப்பதற்கு முன் முழுதும் முடிந்ததா என்று இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். கோதுமையும் ஓட்ஸும் தரும் அந்தப் பட்டு வழவழப்பு அதில் குறைந்துபோனது. மாங்குரோவ் ஜாக்ஸ் எம்21 இன்னும் அருகில் வந்தது. கிராம்பு அடக்கம், பழம் கொஞ்சம் கூடுதல். முதல் முறை காய்ச்சுகிறவர்கள், குளிர்பெட்டியோடு அனுப்பும் கடை பக்கத்தில் இல்லாதவர்கள் அதில் தொடங்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. வைட் லேப்ஸ் டபிள்யூஎல்பி400 இதே தரத்துத் திரவ ஈஸ்ட். அதில் பச்சிலை வாசனை தூக்கலாக இருக்கிறது. கொத்தமல்லியே போடாமல் காய்ச்சுவதாக இருந்தால் நான் அதை எடுப்பேன். கொத்தமல்லி போட்டால் 3944-தான். நம் மல்லியோடு இது சேர்கிற மாதிரி வேறெதுவும் சேரவில்லை.

3944 பீர் ஒன்று, உலர் ஈஸ்ட் பீர் ஒன்று என்று இரண்டு கிளாஸைப் பெயர் சொல்லாமல் நண்பர்கள் முன் வைத்தேன். பாளையங்கோட்டைத் தம்பி ஒருவன் உண்டு, பீர் என்றால் ஐஸ்கட்டியாகக் குளிர்ந்தால் போதும் என்று நினைக்கிறவன். 3944 கிளாஸை மறுபடி மறுபடி முகர்ந்துவிட்டு, “யக்கா, இதுல கிராம்பு போட்டீயளா?” என்று கேட்டான். போடவில்லை என்றேன். “மத்ததுல ஆரஞ்சு மட்டுந்தான் வருது. இதுல ஒண்ணு மாத்தி ஒண்ணு வருதுக்கா” என்றான். அதற்கு மேல் ஒரு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

புளிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஈஸ்ட் தானாகவே முடிவில் ஒரு மெல்லிய புளிப்பை விட்டுச் செல்கிறது. கூடுதலாக வேண்டும் என்று லாக்டிக் அமிலம் ஊற்றுகிறவர்கள் உண்டு. பாட்டிலில் அடைக்கும் நேரத்தில் ஒரு கிளாஸில் சொட்டு விட்டுச் சுவைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எனக்கு ஈஸ்ட் தருவதே போதுமாக இருக்கிறது. கிளாஸ் ஓரத்தில் எலுமிச்சைத் துண்டு செருகுவது எனக்குப் பிடிக்காது. பாடுபட்டு வரவழைத்த நுரையை எலுமிச்சை எண்ணெய் உட்கார வைத்துவிடுகிறது, ஈஸ்டின் வாசனையையும் மூடிவிடுகிறது.

பாட்டிலுக்கு லிட்டருக்கு 7 கிராம் சர்க்கரை போடுகிறேன். இந்த பீருக்கு வாயு கொஞ்சம் தூக்கலாகவே வேண்டும், ஆகவே மெலிந்த பாட்டில்களைத் தவிர்த்துவிடுங்கள். 20 டிகிரியில் மூன்று வாரம். 3944 நடுத்தரமாகத்தான் அடியில் படியும், மங்கல் தங்கும், அதுதான் வேண்டும். ஊற்றும்போது முக்கால் பாட்டிலை ஊற்றிவிட்டு, மீதியை மெதுவாகச் சுழற்றி அடிவண்டலையும் சேர்த்து ஊற்றுங்கள். மூன்று மாதத்துக்குள் குடித்துவிட வேண்டும். அதற்கு மேல் பீர் கெடாது, ஆனால் மல்லியும் ஆரஞ்சும் கரைந்துபோய்க் கிராம்பு மட்டும் தனியே நிற்கும்.

விலைக்கு ஒரு வழி இருக்கிறது. மேலே ஏறுகிற ஈஸ்ட் என்பதால், மூன்றாம் நாள் நுரை உச்சத்தில் இருக்கும்போது முதலில் வரும் பழுப்பு அழுக்கை வழித்தெறிந்துவிட்டு, அதன் கீழே இருக்கும் வெண்ணெய் நிறப் படலத்தைக் கொதிநீரில் போட்டெடுத்த கரண்டியால் அள்ளி, அதேபோல் சுத்தம் செய்த கண்ணாடிச் சீசாவில் எடுத்து வைக்கலாம். மூடியை இறுக்காமல் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு வாரத்துக்குள் அடுத்த பீரில் போட்டுவிட வேண்டும். இப்படி எடுத்த இரண்டாம் தலைமுறை, பையிலிருந்து நேராக ஊற்றுவதைவிடத் துடிப்பாக வேலை செய்வதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஒரு பையில் மூன்று பீர் காய்ச்சினால் உலர் ஈஸ்டைவிட மலிவாகிவிடும்.

தபாலில் வாங்குகிறவர்கள் ஆனி, ஆடி மாதங்களில் ஆர்டர் போடாதீர்கள். வேறொரு ஊர்க் கடையிலிருந்து கோடையில் எனக்கு வந்த பை, ஐஸ் பொதி முழுதும் உருகி, கையில் எடுக்கும்போதே சூடாக இருந்தது. அறைந்து இரண்டு நாள் காத்திருந்தும் உப்பவில்லை. பங்குனிக்குள் வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். பையின் முதுகில் அச்சிட்ட தேதியிலிருந்து ஆறு மாதம் தாங்கும்.